பலகையைத் துளைக்காத துப்பாக்கி

ஓரங்குலத் தடிமனுள்ள ஒரு மரப்பலகை. அதற்கு எதிரே ஒரு காற்றுத் துப்பாக்கி. குண்டு பலகையைத் துளைத்து மறுபுறம் வந்துவிட்டால் அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். பலகைக்குள்ளேயே நின்றுவிட்டால் வேண்டாம். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் நெடுங்காலம் வழக்கில் இருந்த சோதனை இது. 2016-ஆம் ஆண்டின் விதிகள் பலகையை அகற்றிவிட்டு அவ்விடத்தில் ஓர் எண்ணை வைத்தன. அந்த எண் 20 ஜூல். குழல்வாயிலிருந்து வெளிப்படும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்பட்டாலோ, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலோ உரிமம் கட்டாயம்.

துப்பாக்கியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் வலிமை பெருகிய கதையையே எழுதுகிறார்கள். எவ்வளவு தொலைவு, எவ்வளவு வேகம், எவ்வளவு அழிவு என்றே அந்தக் கதை வளர்ந்து செல்லும். ஆனால் இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. வலிமையை வேண்டுமென்றே குறைத்துக் குறைத்து, அதே அளவுக்கு நுட்பத்தைக் கூட்டிக் கொண்டுவந்த கதை அது. அதன் முடிவில்தான் காற்றுக் கைத்துப்பாக்கி நிற்கிறது. வீட்டுக் கூடத்தில் நண்பர்கள் நால்வர் கூடி, ஓர் அட்டையைச் சுவரோரம் வைத்து, யார் நடுப்புள்ளிக்கு அருகில் சுடுகிறார் என்று போட்டியிட இன்று முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் நானூறு ஆண்டு இயற்பியல் இருக்கிறது. அந்த இயற்பியலில் ஒரு முக்கியமான பங்கு புதுச்சேரிக்குத் தெற்கே, இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள கடலூருடன் தொடர்புடையது என்பதை நம்மில் பலர் அறிந்ததில்லை.

அழுத்திய காற்று

காற்றை அழுத்தினால் அது திமிறும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். கையை எடுத்தவுடன் கைப்பிடி தானாகவே மேலெழும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியா நகரில் வாழ்ந்த டெசிபியஸ் என்னும் அறிஞர் காற்றின் இந்தக் குணத்தைக் கொண்டு பல பொறிகளைச் செய்தார். அதற்கும் முன்பே, பாடநூல் எதையும் படிக்காத மக்கள் மூங்கிலிலும் மரத்திலும் ஊதுகுழல் செய்து, வாயால் ஊதிப் பறவையையும் மீனையும் வேட்டையாடினர். தென்னிந்தியாவில் வழங்கிய ஊதுகுழல்களைப் பற்றி, சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1924-இல் ஒரு விரிவான கட்டுரை எழுதியிருக்கிறார். அந்த ஊதுகுழலும் ஒரு காற்றுத் துப்பாக்கிதான். அதன் காற்றுக் கலம் மனிதனின் நுரையீரல், அவ்வளவே வேறுபாடு.

நுரையீரலுக்குப் பதிலாக உலோகக் கலத்தை வைத்தவர்களுள் பெயர் தெரிந்த முன்னோடி ஒரு பிரெஞ்சுக்காரர். நார்மாந்தியில் லிசியூ என்ற ஊரைச் சேர்ந்த மாரென் லெ பூர்ழுவா ஓவியர், கைவினைஞர், பல கலைகளில் வல்லவர். அவர் செய்த காற்றுத் துப்பாக்கி அரசர் நான்காம் ஆன்ரிக்குக் காட்டப்பெற்றது. டேவிட் ரிவோ என்பவர் 1608-இல் வெளியான தம் பீரங்கிக் கலை நூலில் அதை விவரித்தார். வெடிமருந்தின்றிக் குண்டு பாயும் என்பது அந்நாளில் மந்திரம்போல் தோன்றியிருக்க வேண்டும்.

மக்டபர்க் அரைக்கோளங்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவற்றைக் காட்டிப் புகழ்பெற்ற ஆட்டோ வான் கெரிக், 1672-இல் வெளியிட்ட தம் நூலில் வேறொரு விந்தையான துப்பாக்கியையும் வரைந்து காட்டினார். அதில் அழுத்திய காற்று இல்லை. குழலுக்கு முன்னால் வெற்றிடம் உண்டாக்கினார். பின்னாலிருந்து வளிமண்டலக் காற்றே குண்டைத் தள்ளியது. காற்று எந்தப் பக்கம் கூடுதலாக அழுத்துகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் குண்டு ஓடும் என்னும் எளிய உண்மை இதனால் விளங்கியது.

அந்த நாள்களில் காற்றுத் துப்பாக்கியும் வலிமையைத் தேடியே சென்றது. ஆஸ்திரிய இராணுவம் 1780-ஆம் ஆண்டை ஒட்டி ஏற்றுக்கொண்ட ஜிரார்தோனி துப்பாக்கி, தன் அடிக்கட்டையையே காற்றுக் கலமாகக் கொண்டது. சுமார் இருபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுடவல்லது. கலத்தை நிரப்பவோ ஏறத்தாழ 1500 முறை பம்பு அடிக்க வேண்டும்! போர்க்களத்தில் யார் நின்று 1500 முறை அடிப்பார்கள்? பின்னர் அது கைவிடப்பட்டது. போர்க்கருவி என்ற வகையில் காற்றுத் துப்பாக்கி தோற்றது. அந்தத் தோல்வியே அதற்கு வேறொரு வாழ்வைத் தந்தது.

கடலூருக்கு வந்த கணித அறிஞர்

1742-ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அவ்வாண்டில்தான் டூப்ளே புதுச்சேரியின் கவர்னராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் லண்டனில், 'பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூல் வெளியாயிற்று. எழுதியவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-இல் பாத் நகரில் பிறந்தவர். போரை வெறுக்கும் குவேக்கர் சமயக் குடும்பத்தில் பிறந்தவர் பீரங்கிக் கலைக்குத் தந்தையானார் என்பது காலத்தின் முரண்!

அவருக்கு முன்னால் குண்டின் வேகத்தை எவரும் நம்பத் தகுந்த முறையில் அளந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் பொருளை எப்படி அளப்பது? ராபின்ஸின் வழி மிக எளியது. ஒரு கனமான மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டார். குண்டை அதில் சுட்டார். குண்டு கட்டையில் புதைந்தது. கட்டை மெல்லப் பின்னோக்கி ஆடியது. ஆடிய அளவைக் கட்டையோடு கட்டிய ஒரு நாடா காட்டியது. மின்னலாய் வந்த வேகம், கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய மெல்லிய அசைவாக மாறிவிட்டது. இதற்கு எறிபொருள் ஊசல் என்று பெயர்.

இதன் அடிப்படை உந்தம் அழியா விதி. மோதுவதற்கு முன் குண்டிடம் இருந்த உந்தம், மோதிய பின் குண்டும் கட்டையும் சேர்ந்த உந்தத்திற்குச் சமம். ராபின்ஸின் துப்பாக்கிக் குண்டு ஏறத்தாழ 38 கிராம். ஊசல் 56 பவுண்டு, அதாவது 25 கிலோகிராமுக்குச் சற்று மேல். குண்டின் வேகம் வினாடிக்கு 500 மீட்டர் அளவில் இருந்தது. ஒலியைவிட வேகமாகச் செல்லும் பொருள் ஒன்றை மனிதன் நம்பகமாக அளந்தது அதுவே முதன்முறை எனலாம்.

ராபின்ஸ் இன்னொன்றும் சொன்னார். வெடிமருந்தின் வலிமை என்பது என்ன? அது எரியும்போது பிறக்கும் வாயுவின் அழுத்தமே. மருந்தின் கன அளவைப்போல் 244 மடங்கு வாயு வெளிப்படுகிறது. வெப்பத்தால் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்காகிறது என்று அவர் கணக்கிட்டார். இதன் பொருள் என்ன? வெடிமருந்துத் துப்பாக்கியும் அடிப்படையில் காற்றுத் துப்பாக்கியே! ஒன்றில் வாயுவை நெருப்பு பிறப்பிக்கிறது; மற்றொன்றில் நம் கை அழுத்துகிறது.

புகழ்பெற்ற கணிதப் பேரறிஞர் ஆய்லர் இந்நூலை 1745-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிடப் பெரிய விளக்கவுரையும் சேர்த்தார். குழலின் உட்புறத்தில் திருகுவரிகள் வெட்டிக் குண்டைச் சுழலவிட்டால் அது நேராகச் செல்லும் என்பதன் சிறப்பை ராபின்ஸ் 1747-இல் ராயல் சொசைட்டிக்கு எடுத்துரைத்தார். இன்றைய காற்றுக் கைத்துப்பாக்கியின் குழலுக்குள்ளும் அதே திருகுவரிகள்தான் இருக்கின்றன.

இப்போது நம் கரைக்கு வருவோம். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் தம் தலைமையிடத்தைக் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாற்றினர். 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றனர். இந்நிலையில் கோட்டைகளைச் செப்பனிட ஒரு வல்லுநரைக் கிழக்கிந்தியக் கம்பெனி தேடியது. ராபின்ஸ் தலைமைப் பொறியாளராக நியமிக்கப்பட்டார். 1750 ஜூலையில் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அன்றாட நிகழ்ச்சிகளைத் தம் நாட்குறிப்பில் எழுதிவந்த அதே நாள்கள் அவை. நம் வெயிலும் காய்ச்சலும் ராபின்ஸை விட்டுவைக்கவில்லை. வந்த ஓராண்டில், 1751 ஜூலை 29 அன்று, அந்தக் கோட்டையிலேயே அவர் இறந்தார். வயது 44.

அவர் வலுப்படுத்த வந்த கோட்டையை 1758-இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்தது. அதற்குப் பழிவாங்குவதுபோல், 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினர். நாம் இன்று நடக்கும் நேரான தெருக்களில் நிற்கும் பழைய கட்டடங்கள், அந்த அழிவுக்குப் பின் எழுந்தவையே. வலிமையின் கதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் ஊரே சான்று.

ஒரு சிறு கணக்கு

ராபின்ஸின் முறையை ஒரு காற்றுக் கைத்துப்பாக்கிக்குப் பொருத்திப் பார்ப்போம். தாளும் பென்சிலும் போதும். போட்டிகளில் பயன்படும் ஈயக்குண்டு சுமார் அரை கிராம் நிறையுள்ளது. அதன் வேகம் வினாடிக்கு 150 மீட்டர் என்று கொள்வோம். களிமண் நிரப்பிய 100 கிராம் டப்பா ஒன்றை நூலில் தொங்கவிட்டு அதில் சுட்டால் என்ன ஆகும்?

குண்டின் உந்தம் 0.0005 × 150 = 0.075. இதை மொத்த நிறையான 0.1005 கிலோகிராமால் வகுத்தால் டப்பாவின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.75 மீட்டர். அந்த வேகத்தில் அது சுமார் 2.8 சென்டிமீட்டர் உயரம் எழும். அளவுகோலால் அளந்துவிடலாம். ராபின்ஸின் எண்களை இதேபோல் எளிதாக்கிக் கணக்கிட்டால் அவருடைய பெரிய கட்டைக்கும் ஏறத்தாழ அதே 0.75 மீட்டர் வேகந்தான் வருகிறது! இரண்டு ஊசல்களும் ஒன்றுபோலவே ஆடும்.

ஆனால் ஆற்றலைப் பாருங்கள். நம் சிறு குண்டின் இயக்க ஆற்றல் 5.6 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை 57 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் கிடைக்கும் ஆற்றல் இவ்வளவே. ராபின்ஸின் குண்டின் ஆற்றலோ 4,700 ஜூலுக்கு மேல். எண்ணூறு மடங்குக்கும் அதிகம். வலிமையைக் குறைத்தது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதன் அளவு இதுதான்.

மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பதுண்டு. குண்டில் 5.6 ஜூல் இருந்தது. ஆடும் டப்பாவில் 0.03 ஜூல்கூட இல்லை; மீதி எங்கே? களிமண்ணைக் குடைவதிலும் ஈயத்தை நசுக்குவதிலும் வெப்பமாகச் செலவாகிவிட்டது. நூறில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் அப்படிப் போகிறது. உந்தம் அழிவதில்லை, இயக்க ஆற்றல் உருமாறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அறைக்குள் வந்த துப்பாக்கி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதை திசை திரும்பியது. 1845-ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிஸில் லூயி நிக்கொலா ஃப்ளோபேர் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் ஒரு விந்தை செய்தார். தோட்டாவிலிருந்து வெடிமருந்தையே நீக்கிவிட்டார். மருந்தைப் பற்றவைப்பதற்காக வைக்கும் சிறு வெடிப்பொட்டு மட்டுமே ஒரு சிறு குண்டைத் தள்ளியது. ஓசை குறைவு, புகை குறைவு, வலிமையும் குறைவு. வரவேற்பறையிலேயே விருந்தினர் குறிபார்த்துச் சுட்டு விளையாடினர். 'சலோன்' துப்பாக்கி என்ற பெயரே அதனால் வந்தது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலும் 'அறைத் துப்பாக்கி' என்று பொருள்படும் பெயருடைய ஒரு வகை தோன்றி, ஊர்ச் சங்கங்களின் போட்டிகளில் பரவியது.

வெடிப்பொட்டும் இல்லாமல் காற்றே போதும் என்பது அடுத்த படி. பிரான்ஸைச் சேர்ந்த பால் ஜிஃபார், அழுத்திய காற்றிலும் பின்னர் 1889-இல் நீர்மமாக்கிய கார்பன் டை ஆக்சைடிலும் இயங்கும் துப்பாக்கிகளைச் செய்தார். சோடாப் புட்டியில் நுரைக்கும் அதே வாயுதான். அமெரிக்காவில் குவாக்கன்புஷ் 1871-இல் காற்றுக் கைத்துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத் ஊரில் காற்றாலை செய்துவந்த ஒரு கம்பெனி, 1888-இல் விவசாயிகளுக்குக் காற்றாலையோடு ஒரு சிறு காற்றுத் துப்பாக்கியும் கொடுக்கத் தொடங்கியது. விரைவில் காற்றாலையை மறந்து மக்கள் துப்பாக்கியைக் கேட்டனர். கம்பெனி 1895-இல் தன் பெயரையே அந்தத் துப்பாக்கியின் பெயரான 'டெய்சி' என்று மாற்றிக்கொண்டது.

இங்கிலாந்தில், குறிப்பாக பர்மிங்காம் வட்டாரத்தில், மாலை நேரத்து மதுக்கூடங்களே போட்டிக் களங்களாயின. ஆறு கஜத் தொலைவில் ஓர் இரும்புத் தகடு. அதன் நடுவில் முக்கால் அங்குலத்தில் பாதி அகலமுள்ள துளை. குண்டு அதனுள் நுழைந்தால் பின்னால் உள்ள மணி 'டண்' என்று ஒலிக்கும். நடுவர் வேண்டாம், மணியே தீர்ப்புச் சொல்லும். 1924-இல் வெப்ளி கம்பெனி அங்கே வெளியிட்ட காற்றுக் கைத்துப்பாக்கியோ வீட்டுக்குள் பழகுவதற்கு ஏற்ற அளவில் அமைந்தது.

பழைய காற்றுத் துப்பாக்கிகளில் ஒரு குறை இருந்தது. சுருள்வில் விடுபட்டு உந்துதண்டைத் தள்ளும்போது, குண்டு குழலைவிட்டு நீங்கும் முன்பே கருவி முழுவதும் குலுங்கும். 1960-களில் ஜெர்மன் பொறியாளர்கள் இதற்குத் தீர்வு கண்டனர். எதிரெதிராக ஓடும் இரட்டை உந்துதண்டுகளை ஒருவர் அமைத்தார்; மற்றொருவர் குழலும் இயந்திரமும் சறுக்குத் தடத்தில் பின்னே நகரும்படி செய்தார். இன்றைய போட்டிக் கருவிகளில் சுருள்வில் இல்லை. சிறு உருளையில் ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த காற்று, ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக வெளிவருகிறது. அடுத்தடுத்த இரு குண்டுகளின் வேகம் வேறுபடாதபடி காப்பதே அதன் பெருமை.

பத்து மீட்டர்த் தவம்

ஒலிம்பிக் விளையாட்டுகளில் காற்றுத் துப்பாக்கி 1984-இலும், காற்றுக் கைத்துப்பாக்கி 1988-இலும் இடம்பெற்றன. தொலைவு 10 மீட்டர். ஒரே கையால் பிடித்து நின்றபடி சுட வேண்டும். இலக்கு அட்டையின் நடுவில் உள்ள பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. குண்டு வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே அந்த மதிப்பெண் உண்டு. ஆகவே 4.5 மில்லிமீட்டர் குண்டின் மையம், இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து. ஒவ்வொரு 8 மில்லிமீட்டருக்கும் ஒரு மதிப்பெண் குறையும்.

கை நடுங்காதவர்தான் வெல்வார் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியன்று. இதயம் துடிக்கும்வரை எந்தக் கையும் நடுங்கவே செய்யும். எந்த நடுக்கம் கெடுக்கும் என்பதே கேள்வி. கை முழுவதும் 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து, கருவி தன் திசை மாறாதிருந்தால் குண்டும் 5 மில்லிமீட்டரே விலகும், பத்து கிடைத்துவிடும். ஆனால் மணிக்கட்டு சற்றே திரும்பி, முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகு நேர்ந்தால்? இரு குறிகளுக்கும் இடைத்தொலைவு 32 சென்டிமீட்டர் என்று கொள்வோம். வடிவொத்த முக்கோண விதிப்படி பத்து மீட்டரில் அந்தப் பிசகு 31 மில்லிமீட்டராக வளர்கிறது. மதிப்பெண் ஏழாகிவிடும். இதனால்தான் தேர்ந்தவர்கள் இலக்கைப் பார்ப்பதில்லை. கண்ணை முன் குறியில் நிறுத்தி, இலக்கை மங்கலாகவே விட்டுவிடுகிறார்கள். குதிரையை இழுக்கும் விரல் மணிக்கட்டைத் திருப்பாமல் இருக்கும்படி பல்லாயிரம் முறை பழகுகிறார்கள்.

புவியீர்ப்பையும் மறக்கக் கூடாது. பத்து மீட்டரைக் கடக்க நம் குண்டுக்கு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் அது 22 மில்லிமீட்டர் கீழே விழுந்துவிடும். குறிகளைத் திருத்தி அமைப்பதன் மூலம் இதை ஈடுசெய்கிறார்கள்.

வீட்டிலிருந்து மேடைக்கு

நம் ஊர்த் திருவிழாக்களில் பலூன் சுடும் கடையை அறியாதவர் இல்லை. அந்த வளைந்துபோன ஏர் கன்னைக் கையில் ஏந்திய சிறுவர் பலருக்குத் துப்பாக்கி என்பதன் முதல் அறிமுகம் அதுவே. அங்கிருந்து ஒலிம்பிக் மேடை தொலைவானது. ஆனால் அவ்வழி வீட்டின் வழியாகச் சென்றதற்குச் சான்றுகள் உண்டு.

சென்னையில் பிறந்த ககன் நாரங்குக்கு 1997-இல் அவர் தந்தை ஒரு காற்றுக் கைத்துப்பாக்கி பரிசளித்தார். ஹைதராபாத்தில் தங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் அவர் பழகத் தொடங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் வெண்கலம் பெற்றார். அதற்கு முன் 2008-இல் பெய்ஜிங்கில் தனிநபர் பிரிவில் நாட்டின் முதல் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ராவும், சண்டிகருக்கு அருகே தம் வீட்டு வளாகத்தில் அமைந்த களத்தில் பழகியவரே. 10 மீட்டர் இடமிருந்தால் போதும் என்பதே இந்த விளையாட்டின் தனிச் சிறப்பு.

2020-இல் கொரோனா ஊரடங்கால் உலகெங்கும் களங்கள் மூடப்பட்டபோது அந்தச் சிறப்பு வெளிப்பட்டது. ஏப்ரல் மாதத்தில் முன்னாள் இந்திய வீரர் ஷிமோன் ஷெரீஃப் ஒரு பன்னாட்டுப் போட்டியை இணையவழி நடத்தினார். வீரர்கள் தத்தம் வீட்டிலேயே மின்னணு இலக்குகளை நிறுவிச் சுட்டனர். மதிப்பெண்கள் திரையில் தோன்றின. மனு பாக்கர், திவ்யான்ஷ் சிங் பன்வார் போன்றோர் கலந்துகொண்டனர். ஓட்டப் பந்தயத்தையோ கால்பந்தையோ அவ்வாறு நடத்த முடியுமா? வீட்டுப் போட்டி என்பது வெறும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் அன்று மாறியது. அதே மனு பாக்கர் 2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் காற்றுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் வெண்கலம் வென்று, துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

இன்னொரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காற்றுத் துப்பாக்கியில் 2019-இல் ரியோ உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர், டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் பங்கேற்றவர் இளவேனில் வாலறிவன். வளர்ந்தது அகமதாபாத்தில், பிறந்தது 1999-இல், கடலூரில். குண்டின் வேகத்தை முதன்முதலில் அளந்தவர் மறைந்த ஊரில், 248 ஆண்டுகளுக்குப் பின் அவர் பிறந்தார்.

உங்கள் வீட்டில்

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். திண்ணை, நடை, முற்றம், கூடம், கொல்லை என்று நேர்கோட்டில் ஓடும். வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். பத்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்தக் கோட்டில்தான் வீட்டார் அனைவரும் நடமாடுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 5.6 ஜூல் சுவரைத் துளைக்காது. ஆனால் கண்ணைக் குருடாக்கும். ஆகவே சில விதிகளுக்கு விலக்கே இல்லை.

குறுக்கே திறக்கும் கதவு எதுவும் இல்லாத இடமே களம். இலக்குக்குப் பின்னால், இறுகக் கட்டிய செய்தித்தாள் அடுக்கும் அதன் பின் இரும்புத் தகடும் கொண்ட பெட்டி இருக்க வேண்டும். வெறுஞ் சுவரிலோ கருங்கல்லிலோ பட்ட குண்டு திரும்பி வரும். சுடுபவரும் பார்ப்பவரும் கண்ணாடி அணிய வேண்டும். எவரும் சுடுபவருக்கு முன்னால் நிற்கலாகாது. தன் முறை வரும்வரை குண்டு ஏற்றலாகாது. ஈயம் நஞ்சு; ஆகவே முடிந்தவுடன் கை கழுவ வேண்டும். சிறுவர் பெரியவர் துணையின்றித் தொடக் கூடாது. கருவியின் ஆற்றல், வாங்குவதற்கான விதி ஆகியவற்றை உரிமம் பெற்ற விற்பனையாளரிடமும் காவல் நிலையத்திலும் முன்னரே கேட்டறிய வேண்டும். பறவையும் அணிலும் ஒருபோதும் இலக்கல்ல.

பத்து மீட்டர் இல்லாதவர் ஐந்து மீட்டரில் போட்டி நடத்தலாம். அதற்கு இலக்கைப் பாதியாகச் சுருக்கினால் போதுமா? போதாது. இதோ உங்களுக்கு ஒரு கணக்கு. பத்து மீட்டரில் குண்டின் மையம் 8 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். ஐந்து மீட்டரில் 4 மில்லிமீட்டருக்குள். ஆனால் குண்டு சுருங்கவில்லையே! அதன் ஆரம் 2.25 மில்லிமீட்டராகவே இருக்கிறது. ஆகவே வட்டத்தின் ஆரம் 1.75, விட்டம் 3.5 மில்லிமீட்டர். பாதி என்று எண்ணி 5.75 வரைந்தவர், தமக்குத் தாமே சலுகை அளித்துக்கொண்டவர் ஆவார். மற்ற வளையங்களுக்கு ஆரத்தில் 4 மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டே போகலாம்.

போட்டி முடிந்ததும் அட்டைகளை எறிந்துவிடாதீர்கள். நாள் குறித்து வையுங்கள். உங்கள் குண்டுகள் அனைத்தும் ஒரே பக்கம் நெருங்கி விழுந்திருந்தால் குறியைத் திருத்த வேண்டும். நாற்புறமும் சிதறியிருந்தால் திருந்த வேண்டியது உங்கள் கை. அளவையியலில் ஒருபக்கப் பிழை, சிதறல் பிழை என்று இவற்றைப் பிரிப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு கற்பிக்கும் பாடத்தை ஓர் அட்டை ஒரு மாலையில் கற்பித்துவிடும்.

கடலூருக்குச் சென்றால் தேவனாம்பட்டினம் பக்கம் போய்வாருங்கள். கெடிலம் ஆற்றின் அருகே செயின்ட் டேவிட் கோட்டையின் எச்சங்கள் இருக்கின்றன. எத்தனையோ பீரங்கிகள் காத்தும் இடித்தும் போன கோட்டை அது. இன்று அங்கே மிஞ்சியிருப்பது சில சுவர்களே. அதற்குள் இறந்த மனிதர் விட்டுச்சென்ற ஊசலோ இன்றும் ஒவ்வொரு கல்லூரி இயற்பியல் பாடத்திலும் ஆடிக்கொண்டிருக்கிறது.